ஐஸ்கட்டியில் பாதி

அந்த ஐஸ் அறுக்கும் சத்தம் மட்டும் சரியாக இருந்தது. அதனாலேயே சுபாஷிணிக்கு ஆத்திரம் இரண்டு மடங்காக வந்தது. எல்லாமே குப்பை என்றால் ஒரேயடியாக வெறுத்துத் தலைமுழுகிவிடலாம், இப்படி நடுவில் ஒன்றை மட்டும் சரியாகச் செய்து வைத்து மனுஷியை அல்லாட விடுவது என்ன நியாயம்? ரம்பம் ஐஸில் இறங்கும்போது முதலில் கரகரவென்று, ஆழம் போகப் போக அது அடங்கி ஈரமான ஒரு முனகல், ஒன்பது வருஷமாக அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த அதே சத்தம். 'உப்புத்துறை' படக்கதைப் புத்தகத்தில் சத்தம் ஏது, கறுப்பு மையில் நாலு கோடு இழுத்து வைத்திருப்பார்கள், அவள்தான் அதற்குச் சத்தம் போட்டுக்கொண்டாள், அந்தச் சத்தத்தை ஜப்பானில் எவனோ எப்படியோ கண்டுபிடித்து ஈரோட்டில் இருக்கும் அவள் வீட்டு டிவி வரைக்கும் அனுப்பியிருக்கிறான், கை மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது, நின்ற அந்த நிமிஷம் பார்த்து எதிர் சோபாவிலிருந்து நவநீதன் விரலை நீட்டினான். "கேட்டியா? ஐஸ் சத்தம். இதையெல்லாம் தனியா ரெக்கார்டு பண்ணுவாங்க. புதுசாப் பாக்கறவங்க கவனிக்க மாட்டாங்க, அதான் சொல்றேன்." புதுசாகப் பார்க்கிறவள் தலையை ஆட்டினாள். அப்படியா என்பது போலக் கண்ணைக்கூட விரித்தாள், பாவி, விரித்துத் தொலைத்தாள். நிச்சயம் முடிந்து மூன்று மாதமாக அவள் செய்கிற வேலை இதுதான், அவன் சொல்லச் சொல்லக் கண்ணை விரிப்பது. தை மாதம் கல்யாணம். அதற்கப்புறம் ஆயுசுக்கும் விரிக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாசல் கதவு திறந்தே கிடக்கிறது, சமையலறையில் அம்மா வசந்தாமணி வருங்கால மாப்பிள்ளைக்கு ஒப்புட்டு தட்டிக்கொண்டிருக்கிறாள், கடலைப்பருப்பும் வெல்லமும் வெந்த வாசனை ஹாலை நிறைக்கிறது. டிவி சத்தமாக ஓடுகிறவரை அம்மாவுக்கு நிம்மதி, ரெண்டும் படம்தான் பார்க்குதுங்க என்று.

எல்லாம் அந்த ஒரு கேள்வியால் வந்த வினை. பெண் பார்க்க வந்த அன்று, தனியா ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும் என்று பெரியவர்கள் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தும் சாயாமலும் நின்றுகொண்டு, "எனக்குப் பெருசா பொழுதுபோக்கெல்லாம் இல்லீங்க, அனிமே பாப்பேன், ஜப்பான்காரங்க எடுக்கற கார்ட்டூன் மாதிரி, நீங்க பாப்பீங்களா?" என்று கேட்டான். அவளுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. இந்த ஊரில், இந்தச் சாதி சனத்தில், ஜாதகம் பொருந்தி வந்தவன் வாயிலிருந்து அந்த வார்த்தை. பார்ப்பேனாவா, பார்ப்பதென்ன, நான் படிக்கிறேன், 'உப்புத்துறை' முதல் புத்தகத்திலிருந்து கடைசிப் புத்தகம் வரை மூன்று தடவை படித்திருக்கிறேன், காலேஜ் ஹாஸ்டலில் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் படித்து அழுது அடுத்த நாள் பரீட்சையில் தூங்கியவள் நான், எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. வாயைத் திறந்தாள். "அப்படின்னா என்னங்க?" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? அம்மாதான் காரணம், வேறு யார். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு கண்ணு, போன தடவ மாதிரி பண்ணிப்போடாத" என்று காதில் ஓதி அனுப்பியது அம்மாதானே. போன தடவை வந்தவன் பல்லடத்துக்காரன், பைக் பைத்தியம், வண்டிச் செயினைப் பற்றி ஏதோ தப்பும் தவறுமாக அளந்துகொண்டிருந்தான், அவள் திருத்தினாள், சிரித்துக்கொண்டேதான் திருத்தினாள், தரகரிடம் பதில் வந்தது, பொண்ணு குறுக்க பேசுதுங்களாம். அதற்கு முன்னால் வந்தவனுக்கும் ஏதோ ஒரு காரணம். அதனால் இந்தத் தடவை குறுக்கே பேசவில்லை. அப்படின்னா என்னங்க. அப்போது நவநீதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கரண்ட் போன வீட்டில் திடீரென்று கரண்ட் வந்தது போல. கையை ஆட்டி ஆட்டி, கீழேயிருந்து கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல், அவளுக்கு எட்டு வயசில் தெரிந்துவிட்ட விஷயத்தை எல்லாம் சொல்லிக் கொடுத்தான். நல்லவன்தான். அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் சுலபம். அன்றைக்கே அவனைப் பிடித்தும் போய்விட்டது.

இப்போது திரையில் சண்டை ஆரம்பித்துவிட்டது. புத்தகத்தில் இது ஒரே ஒரு பக்கம். துறைமுகத்தில் வசூல் பண்ணும் கும்பல் வருகிறது, ஐஸ் விற்கிற பெண் மிசாவோ ரம்பத்தை எடுக்கிறாள், பக்கத்தைத் திருப்பினால் எல்லோரும் கீழே கிடக்கிறார்கள், அவள் ஐஸ் உருகிவிடுமே என்ற கவலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான் சண்டை. அதில்தானே அவள் யார் என்று தெரிந்தது! இங்கே என்னடாவென்றால் முடிகிற வழியைக் காணோம். கேமரா தலைகீழாகச் சுற்றுகிறது, ஊதாவும் ரோஸுமாக விளக்கு எரிகிறது, மீன் நாற்றமடிக்கும் துறைமுகத்தில் ஊதா விளக்கை எவன் கட்டினான், ரத்தம் தெறிப்பதுகூட ஒரு டிசைனாகத் தெறிக்கிறது, டமடமவென்று மேளம். ஒத்துக்கொள்ள வேண்டும், அழகாக இருக்கிறது. மிசாவோ தாவுகிற தாவலில் மூச்சு நின்றுதான் போகிறது, ஐஸ் தூள் பறந்து அதற்குள் முகம் தெரிந்து மறைகிற இடத்தில் சுபாஷிணி தன்னையறியாமல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், வந்ததை உணர்ந்து பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள், தன் மேலேயே எரிச்சலாக வந்தது. இதற்கெல்லாம் மேலே தமிழ் டப்பிங் வேறு. புத்தகத்தில் மிசாவோ பேசவே மாட்டாள், முதல் அத்தியாயம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. இங்கே அவள் வில்லன் ஆள் ஒருவன் கழுத்தில் ரம்பத்தை வைத்துக்கொண்டு, "மோதிப் பாக்கறியா? உறைஞ்சு போயிருவ!" என்கிறாள். உறைஞ்சு போயிருவ. எந்த மகராசன் எழுதியது இதை! ஜப்பானியக் குரலில் வையுங்கள், கீழே எழுத்து வரட்டும் என்று கேட்க நாக்கு துடித்தது. எப்படிக் கேட்பது? அப்படி வைக்க முடியும் என்பதே அவளுக்குத் தெரியாதே. உனக்குப் புரியணும்னுதான் தமிழ்ல போட்டிருக்கேன் என்று அவன் உட்காரும்போதே சொல்லிவிட்டான், எவ்வளவு அக்கறை, அந்த அக்கறையைத் தூக்கி அடுப்பில் போட. சத்தத்தைக் கேட்டு வசந்தாமணி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "என்னங் மாப்ள, பொம்மைப் படத்துல இப்படி வெட்டிக்கறாங்க?" "இது கொழந்தைங்க படம் இல்லீங்கத்தை" என்று அவன் அம்மாவுக்கும் பாடம் எடுக்க ஆரம்பித்தான். அம்மாவும் கண்ணை விரித்தாள். அம்மா எவ்வளவு லாவகமாக விரிக்கிறாள்! அப்பா மஞ்சள் மண்டி விவகாரத்தைப் பேசும்போதும் இப்படித்தான் விரிப்பாள், மண்டியில் யார் ஏமாற்றுகிறான் என்று அப்பாவைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும், இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட வாயைத் திறந்ததில்லை. நானும் இப்படியே ஆகிப்போவேன். ஆகிக்கொண்டேதான் இருக்கிறேன். புத்தகங்களை எல்லாம் கட்டிப் பரண்மேல் கல்யாணப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்தாயிற்று, போனில் இருந்த படக்கதைச் செயலியை அழித்தாயிற்று, கல்யாணத்துக்கப்புறம் குளியலறையில் உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான், குழந்தை பிறக்கும், அதுவும் அப்பாவிடம் போய்க் கேட்கும், அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுடா கண்ணு என்று அவன் ஆசையாகச் சொல்வான், நான் சிரித்துக்கொண்டே தோசையைத் திருப்பிப் போடுவேன். பயமாக இருந்தது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு. சொன்னால்? மூன்று மாதமாக என்னை வைத்து வேடிக்கை பார்த்தாயா என்று எழுந்து போய்விடுவான். போனால் போகட்டும் என்று சொல்ல முடியவில்லையே, இதோ திரையில் ஒரு நாய்க்குட்டி அடிபட்டதற்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே இந்த மடையன், அழுவதை மறைக்கக்கூடத் தெரியாதவன், போகட்டும் என்று எப்படிச் சொல்வது?

சண்டை ஓய்ந்தது. அவள் காத்துக்கொண்டிருந்த இடம் வந்தது. கிடங்குக் கூரைமேல் ஒற்றைக் கண்ணோடு ஒருவன் உட்கார்ந்து மிசாவோவைப் பார்த்துக்கொண்டிருப்பான். கீழே அவள் கடைசி ஐஸ்கட்டியை எடுத்து நடுவில் அறுப்பாள், ஒரு பாதியை வண்டியில் போடுவாள், இன்னொரு பாதியை ஒரு காலி வீட்டுச் சன்னல்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். ஏன் வைக்கிறாள் என்று யாருக்கும் புரியாது. அதைப் புரிந்துகொள்ள சுபாஷிணிக்கு நாலு வருஷம் பிடித்தது. புரிந்த அன்று ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அந்தச் சன்னலை எப்படிக் காட்டப்போகிறார்கள், என்ன வெளிச்சம் வைத்திருப்பார்கள், உருகிச் சொட்டுகிற சத்தம் எப்படி இருக்கும், ஐஸ் சத்தத்தைச் சரியாகப் பிடித்தவன் இதையும் பிடித்திருப்பான், பிடித்திருந்தால் ஊதா விளக்கையும் பஞ்ச் வசனத்தையும் மன்னித்துவிடலாம், எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். கூரைமேல் ஒற்றைக் கண்ணன் வந்தான். கீழே மிசாவோ ஐஸை அறுத்தாள். அறுத்து இரண்டு பாதியையும் வண்டியில் போட்டாள். போட்டுவிட்டுத் துள்ளிக் குதித்துக்கொண்டு போனாள், பின்னணியில் பாட்டு. அவ்வளவுதானா? சுபாஷிணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னல் எங்கே? ஒருவேளை அடுத்து வருமோ? வரவில்லை, எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது. வெட்டிவிட்டார்கள். அத்தனை நேரம் தலைகீழாகச் சுற்ற நேரமிருந்தது, ஒரு துண்டு ஐஸைச் சன்னலில் வைக்க நேரமில்லை. காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. அந்தச் சன்னல் இல்லாவிட்டால் அவள் யார்? கையில் ரம்பம் வைத்துக்கொண்டு குதிக்கிற ஒரு முட்டாள் பெண். நவநீதன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான், முகமெல்லாம் பூரிப்பு.

"எப்படி? செமயா இருக்குல்ல? மேல உக்காந்திருந்தான் பாத்தியா ஒத்தக் கண்ணன், அவன்தான் மெயின் வில்லன். நான் புஸ்தகம் படிக்கல, படிச்சா சுவாரஸ்யம் போயிரும், ஆனா மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அந்தப் பொண்ணுதான் பாவம். அவளோட அழகே அதுதான் சுபா. தன்னைச் சுத்தி என்ன நடக்குதுன்னு ஒண்ணுமே தெரியாது. அந்த வெள்ளந்தித்தனம் இருக்கு பாரு, அதுக்காகவே எல்லாருக்கும் அவளப் புடிக்கும்."

"அவளுக்குத் தெரியும்" என்றாள் சுபாஷிணி.

"என்னது?"

"அவன் வில்லன் இல்லீங்க. அவளோட அண்ணன். கூடப் பொறந்தவன். அவன்தான்னு அவளுக்கு மொத நாளே தெரியும், தெரிஞ்சுக்கிட்டேதான் தெரியாத மாதிரி இருக்கா. ஐஸை ரெண்டா அறுத்து அவனுக்குன்னு ஒரு பாதிய சன்னல்ல வெச்சுட்டுப் போவா. அந்த எடத்தையே வெட்டித் தூக்கிப்போட்டுட்டானுக படுபாவிக. ஏழாவது புஸ்தகத்துல அவன் சாகறப்பத்தான் நமக்கே அது புரியும்."

நவநீதன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான், ரொம்பத் தாமதமாக. கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டான் என்பதற்காக ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஒருவனோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவன் அவன், அதை அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். "ஐயோ! சாகறானா? ஏன் சொன்ன? அஞ்சு சீசன் வரப்போகுது, ஏன் சொன்ன!" என்று சின்னப் பிள்ளை போலக் கத்தினான், நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. பிறகுதான் கை மெதுவாகக் காதிலிருந்து இறங்கியது. முகம் ஒரு மாதிரி ஆனது. "ஏழாவது புஸ்தகமா? உனக்கு எப்படி…" என்றான்.

தட்டு நிறைய ஒப்புட்டோடு வசந்தாமணி வந்து நின்றாள். நெய் மேலே பளபளத்தது. என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் மாப்பிள்ளை முகம் சரியில்லை என்பதும் மகள் குரல் உயர்ந்துவிட்டது என்பதும் தெரியும், அவளுக்கு அது போதும். "அவளுக்கென்னங் மாப்ள தெரியும்? அவ ஆபீசுல யாராச்சும் புள்ளைங்க சொல்லியிருப்பாங்க, அதக் கேட்டுட்டு வந்து பேசறா. நீங்க சாப்பிடுங்க, சூடா இருக்கறப்பவே." எவ்வளவு அழகாக வழி போட்டுக் கொடுத்துவிட்டாள் அம்மா! ஆமாம் என்று ஒரு வார்த்தை, அசட்டுச் சிரிப்பு ஒன்று, முடிந்தது. அவன் நம்பிவிடுவான். நம்ப வேண்டும் என்று அவன் முகமே கெஞ்சிக்கொண்டிருக்கிறது, சொல்லு, யாரோ சொன்னதுதானே என்று சொல்லிவிடு சுபா. தை மாதம், மண்டபம், பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. அவளுக்குத் தலை ஆடத்தான் பார்த்தது. பழக்கதோஷம்.

"இல்லீம்மா. யாரும் சொல்லல. எனக்கே தெரியும். ஒன்பது வருசமாப் படிக்கறேன். இவருக்கு முன்னாலேர்ந்து எனக்குத் தெரியும்."

வசந்தாமணி தட்டை டீப்பாயில் வைத்தாள், வைத்த கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றாள். திறந்த கதவு வழியாக எதிர் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. நவநீதன் டிவியை நிறுத்தினான். "அப்போ மாடில வெச்சு 'அப்படின்னா என்னங்க'ன்னு நீ கேட்டது?"

"பொய்தான்."

"ஏன்?"

மூன்று மாதமாகத் தயாராக வைத்திருந்த பதில் இருந்தது, அம்மா சொல்லித்தான் என்று. அந்த அம்மா இதோ எதிரில் நிற்கிறாள். அம்மா பேசாதே என்றுதான் சொன்னாள், தெரியாது என்று சொல்லச் சொல்லவில்லையே. அந்தச் சொல்லைத் தேடி எடுத்தது அவளேதான், யாரும் வாயில் திணிக்கவில்லை. அது தெரிந்ததும் இத்தனை நேரம் ஜப்பான்காரன் மேலும், டப்பிங் எழுதினவன் மேலும், பல்லடத்துக்காரன் மேலும், அம்மா மேலும் கொட்டிக்கொண்டிருந்த ஆத்திரம் எல்லாம் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. "நீங்க சொல்லிக்குடுக்கறப்ப அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. எனக்கும் தெரியும்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா, அந்த சந்தோசம் இருந்திருக்குமா?" என்று கேட்டாள். இருந்திருக்கும் என்று உடனே சொல்லிவிடுவான் என்று நினைத்தாள், எந்த ஆம்பளையும் அப்படித்தானே சொல்வான், சொன்னால் தானும் நம்பிவிடுவோமோ என்றுதான் அவளுக்குப் பயம். அவன் யோசித்தான். டிவியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தான்.

"இருந்திருக்காது" என்றான்.

கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பொய் சொல்லவில்லையே என்று ஒரு மூலையில் ஆறுதலாகவும் இருந்தது, அந்த ஆறுதல் மேலும் கோபம் வந்தது, இதிலும் ஒன்றை மட்டும் சரியாகச் செய்து தொலைக்கிறானே! "அப்ப கேட்டுக்கங்க" என்றாள். "மாடில நீங்க பாத்த பொண்ணு இந்த வீட்டுல இல்ல. அப்படியொருத்தி எப்பவும் இருந்ததில்ல. நான்தான் இருக்கேன். எனக்கு நெறையத் தெரியும், தப்பாச் சொன்னா குறுக்க பேசுவேன், புடிக்கலீன்னா கத்துவேன். வேணுமா வேண்டாமான்னு சொல்லிப்போட்டு எந்திரிங்க."

"கண்ணு!" என்றாள் வசந்தாமணி. பதறித்தான் கூப்பிட்டாள். ஆனால் அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. மகளையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவளும் மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், பதிலைக் கேட்பதற்கு.

நவநீதன் வாயைத் திறந்தான். இந்தத் தடவை எதையும் விளக்கவில்லை, "அந்த மொதப் புஸ்தகம் இங்க இருக்கா?" என்று கேட்டான்.